கோச்சிடம் மனசைக் கொட்டிவிட்டேன், இப்போது ஆபீஸுக்குப் போகவே பயமாக இருக்கிறது

சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கும் 36 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அடுத்த கட்டப் பொறுப்புக்குத் தயார் செய்ய அவருடைய நிறுவனம் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் வெளியிலிருந்து ஒரு கேரியர் கோச்சை ஏற்பாடு செய்திருக்கிறது. வீடியோ காலில் ஒரு மணி நேரமாக மொத்தம் எட்டு அமர்வுகள். மூன்றாவது அமர்வில் கோச், "மீட்டிங்கில் பேச வேண்டிய இடத்தில் ஏன் ஒதுங்கிவிடுகிறீர்கள்?" என்று கேட்க, இவர் அழுதுவிட்டார். கணவருடைய குடி, போன தீபாவளிக்கு அடுத்த நாள் இரவு அவர் பிடித்துத் தள்ளியது, நான்கு மாதமாக மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை சாப்பிடுவது, எட்டு வயது மகளோடு மதுரையில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்ற யோசனை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "பல வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தர் குறுக்கே பேசாம கேட்டார் மேடம்" என்று எழுதியிருக்கிறார்.

ஆறு வாரம் கழித்து நடந்த ரிவ்யூவில் மேனேஜர் சொன்னது: "வீட்டுச் சூழ்நிலை கொஞ்சம் செட்டில் ஆகட்டும், இந்த வருஷம் பெரிய பொறுப்பு எதுவும் வேண்டாமே." இவருக்கு வரவேண்டிய புதிய அக்கவுன்ட், அதாவது ஒரு புதிய வாடிக்கையாளருக்கான வேலைப் பொறுப்பு, வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த ரிவ்யூவுக்கு இரண்டு வாரம் முன்பு கோச், மேனேஜர், எச்ஆர் மூவரும் அரை மணி நேரம் பேசியதை இவர் காலண்டரில் பார்த்திருக்கிறார். கோச்தான் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று உறுதியாக நம்புகிறார். அன்று சாயங்காலமே மாத்திரையை நிறுத்திவிட்டார், மாத்திரை சாப்பிடும் ஆள் என்ற பெயர் வேண்டாம் என்று. மூன்று வாரமாகத் தலைசுற்றலும் தூக்கமின்மையும், டீமில் எல்லோரிடமும் எரிந்து விழுவதுமாக இருக்கிறதாம்.

அவருடைய கேள்விகள்: கோச்சும் டாக்டர் மாதிரிதானே, சொன்னதை ரகசியமாக வைத்திருக்க வேண்டாமா? அவர் மேல் வழக்குப் போட முடியுமா? அடுத்த அமர்வை அவருக்குத் தெரியாமல் ரெக்கார்ட் செய்யலாமா? மீதி அமர்வுகளுக்குப் போவதா, வேண்டாமா? என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களா?

அன்புள்ள தோழிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாத்திரை. இதைப் படித்து முடித்ததும் உங்கள் மனநல மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் சாப்பிட்டது எஸ்சிடலோபிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் இந்த வகை மருந்தைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், சிலருக்குத் தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். "நான் வேலைக்கே லாயக்கில்லாதவளாக ஆகிக்கொண்டு வருகிறேனோ" என்று எழுதியிருந்தீர்களே, அந்த மூன்று வார எரிச்சலில் ஒரு பங்காவது மருந்தை நிறுத்தியதால் வந்ததாக இருக்கலாம். நீங்களாகவே பழைய அளவில் மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம், எப்படி ஆரம்பிப்பது என்று டாக்டர் சொல்லட்டும். இடையில் உயிரை விட்டுவிடலாம் என்பது மாதிரி ஒரு நினைப்பு வந்தால் ராத்திரி எந்நேரமானாலும் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை அது, தமிழில் பேசலாம்.

சரி, இப்போது கோச் விஷயத்துக்கு வருவோம்.

கடிதத்தில் நான்கு இடத்தில் "என் முட்டாள்தனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதவேண்டிய காரியம் எதையும் நீங்கள் செய்யவில்லை. ஒருவர் கனிவாக, சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டால் மனிதர்கள் அழுவார்கள். கோச்சிங் பயிற்சியில் கற்றுத்தருவதே அந்த மாதிரிக் கேள்வி கேட்கத்தான். கேள்வி நீங்கள் மீட்டிங்கில் பேசுவதைப் பற்றி இருந்தது, அதற்கு உண்மையான பதில் உங்கள் வீட்டுக்குள் இருந்தது, அதை நேர்மையாகச் சொன்னீர்கள். அந்த இடத்தில் நிறுத்தி, "இது ரொம்ப முக்கியமான விஷயம், ஆனால் இந்த இடத்தில் நீங்கள் சொல்வது எவ்வளவு தூரம் என்னோடு நிற்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்" என்று சொல்லியிருக்கவேண்டிய பொறுப்பு அவருடையது. அதை அவர் செய்யவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. அது அவருடைய தவறு, உங்களுடையது இல்லை.

கோச் டாக்டர் மாதிரி இல்லை

நிறையப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மனநல மருத்துவர் உங்களைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சிகிச்சை தருபவர்கள் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கவேண்டும் என்கிறது. விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்றவை அவை. மேனேஜர் கேட்டார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், தப்பு செய்தால் அந்தப் பதிவு போகலாம்.

கேரியர் கோச்சுக்கு நம் நாட்டில் இப்படி ஒரு சட்டமும் கிடையாது, உரிமமும் கிடையாது. நாளைக்குக் காலையில் நீங்களே கோச் என்று கார்டு அடித்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமுடியாது. இருப்பது தொழில்முறை அமைப்புகளின் நெறிமுறைகள்தான். அதில் பெரியது 1995இல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு, ஐசிஎஃப் என்பார்கள். அவர்களுடைய நெறிமுறை, கோச்சிங் பெறுபவரையும் அதற்குப் பணம் கொடுப்பவரையும் தனித்தனி ஆட்களாகப் பார்க்கிறது. யாருக்கு எந்தத் தகவல் போகும், எது போகாது என்பதை இரண்டு தரப்புக்கும் ஆரம்பத்திலேயே விளக்கி ஒப்புதல் வாங்கவேண்டும் என்கிறது. நல்ல கோச்சுகள் முதல் அமர்வின் முதல் பத்து நிமிடத்தை இதற்கே கொடுப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் பணம் கொடுப்பது நிறுவனம். ஒப்பந்தம் போட்டதும் நிறுவனம், அடுத்த வருடம் இதே கோச்சை மறுபடி கூப்பிடுவதா என்று முடிவு செய்வதும் அதுதான். இதனால் அவர் கெட்டவர் என்று ஆகிவிடாது, உங்கள் மேல் நிஜமான அக்கறையோடு கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு இரண்டு பக்கமும் பதில் சொல்லவேண்டிய கடமை இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியாமலே இருந்தது என்பதுதான் இங்கே நடந்த அநியாயம்.

அவர் சொன்னாரா?

மூன்றே வாரத்தில் இதை முடிவுக்கே கொண்டுவந்துவிட்டீர்கள். நான் இன்னும் அங்கே வரவில்லை.

மேனேஜர் சொன்ன வாக்கியத்தை மறுபடி பாருங்கள். "வீட்டுச் சூழ்நிலை" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. குடியோ மாத்திரையோ மதுரையோ அதில் வரவில்லை. அதே கடிதத்தில் வேறு இடங்களில் நீங்களே எழுதியிருப்பவை: மார்ச்சில் ஒன்பது நாள் திடீர் லீவு, கேபில் வரும்போது கணவரோடு போனில் சண்டை, ஒரு தோழியிடம் பாதி விஷயம் சொன்னது. இதில் ஏதாவது ஒன்று போதும் ஒரு மேனேஜர் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு. இன்னொரு பக்கம், அந்த அரை மணி நேரக் கூட்டம் நடந்த நேரத்தைப் பார்த்தால் உங்கள் சந்தேகத்தை என்னால் ஒதுக்கவும் முடியவில்லை.

ஆறு வருடம் நிறுவனங்களுக்கு ஆலோசகர் அனுப்பும் ஒரு ஏஜென்சியில் வேலை பார்த்தவள் என்பதால், விஷயம் எப்படி வெளியே போகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். யாரும் உட்கார்ந்து கோள் சொல்வதில்லை. முத்தரப்புக் கூட்டம் என்று ஒன்று இருக்கும். கோச், மேனேஜர், எச்ஆரின் பயிற்சிப் பிரிவு, சில சமயம் ஊழியரும். இலக்கு என்ன, எவ்வளவு முன்னேற்றம் என்று பேசுவதற்கான கூட்டம். அதில் மேனேஜர், "இன்னும் மீட்டிங்கில் வாயே திறக்கமாட்டேங்கிறாங்களே?" என்று கேட்பார். கோச் உங்களுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, "பாவம், வீட்டில் நிறையப் பாரம் இருக்கிறது, கொஞ்சம் டைம் கொடுங்கள்" என்பார். மேனேஜரும் கரிசனமாகத்தான் கேட்டுக்கொள்வார். பிறகு பொறுப்பு கொடுக்கவேண்டிய நாள் வரும்போது அந்தக் கரிசனமே உங்களுக்குத் தடையாக வந்து நிற்கும். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று நினைக்கிறேன்.

நானே ஒரு தவறு செய்திருக்கிறேன், இன்றும் அது உறுத்துகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறுவனத்துக்கு அனுப்பும் அறிக்கையில் யார் பெயரும் போடமாட்டோம், துறைவாரியாக எண்ணிக்கை மட்டும்தான். ஒரு முறை ஏழு பேர் மட்டும் இருந்த ஒரு சின்ன டீமுக்கு எதிரே "திருமண உறவுச் சிக்கல்: 1" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஏழு பேரில் திருமணமானவர்கள் இரண்டே பேர். பெயரை மறைத்து என்ன பயன்? அந்த நிறுவனத்தில் அதைப் படித்த யாருக்கும் அது யார் என்று தெரிந்திருக்கும். அதிலிருந்து, பெயர் போடமாட்டார்கள் என்று யார் சொன்னாலும் எத்தனை பேர் கொண்ட குழுவுக்கு எண்ணிக்கை கொடுப்பீர்கள் என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

மனிதர்கள் வழியாகப் போகாத இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த வீடியோ கால் யாருடைய கணக்கில் நடந்தது? நிறுவன லேப்டாப்பில், நிறுவனக் கணக்கில் நடந்திருந்தால், தானாகவே பேச்சை எழுத்தாக்கிச் சுருக்கம் தரும் வசதி அன்று ஓடிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். இப்போது பல இடங்களில் அதைக் கேட்காமலே போட்டுவிடுகிறார்கள். அந்தச் சுருக்கம் நிறுவன சர்வரில் கிடக்கும், அழைப்பில் பெயர் இருக்கும் எல்லோருக்கும் மெயிலிலும் போகலாம்.

சட்டப்படி என்ன செய்யலாம்?

நான் வழக்கறிஞர் இல்லை. தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒரு தோழியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனியார் கோச் மேல் வழக்குப் போட்டு ஜெயிப்பது எளிதில்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன, கட்டம் கட்டமாக அமலாகிறது. அது டிஜிட்டல் வடிவில் இருக்கும் தகவலுக்கான சட்டம். கோச்சின் குறிப்பு, ரெக்கார்டிங், அறிக்கை எல்லாம் அதற்குள் வரும், மூன்று பேர் வாய்வழியாகப் பேசிக்கொண்டது வராது. வேலை தொடர்பான சில தேவைகளுக்குத் தகவலைப் பயன்படுத்த நிறுவனங்களுக்கு அதிலேயே இடமும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே உங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய காகிதம், அந்தப் பயிற்சியில் சேரும்போது நீங்கள் டிக் அடித்த ஒப்பந்தம்தான். அதில் ரகசியம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். "அமர்வில் பேசுவது பகிரப்படாது" என்று இருந்து, பகிரப்பட்டிருந்தால், கோச் மேலும் அவரை அனுப்பிய ஏஜென்சி மேலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. அவர் ஐசிஎஃப் சான்று பெற்றவர் என்றால் அங்கேயும் நெறிமுறைப் புகார் கொடுக்கலாம். வழக்கு, நஷ்ட ஈடு என்று போவது கடைசி. அதற்கு ஆகும் பணமும் வருடங்களும் ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் மறைக்க நினைக்கும் அதே விஷயத்தைத் திறந்த நீதிமன்றத்தில் நீங்களே சொல்லவேண்டி வரும்.

ரகசியமாக ரெக்கார்ட் செய்வது வேண்டவே வேண்டாம். அதில் உங்களுக்குக் கிடைக்கப்போவது குறைவு. நிறுவன விதியை மீறினார் என்று விஷயம் உங்கள் மேலேயே திரும்பினால் இழக்கப்போவது அதிகம்.

வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா என்ற பயத்துக்கு: 1947 தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி, ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பமுடியாது. ஆனால் நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, டீம் லீடும் நிர்வாகப் பதவிதான் என்று நிறுவனம் வாதாடலாம். நிஜத்தில் ஐடியில் நடப்பது வேறு என்று உங்களுக்கே தெரியும். ஒரு அறைக்குள் கூப்பிட்டு, "நீங்களே பேப்பர் போட்டுவிடுங்கள்" என்பார்கள். அப்படி ஒரு நாள் வந்தால், அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். இப்போதைக்கு உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. இந்த வருட ரேட்டிங் நன்றாகவே வந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று பேரிடம், மூன்று விதமாக

கோச்சிடம் நேரடியாகக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், ஆனால் அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்பதை அந்த மெயிலில் திரும்ப எழுதாதீர்கள். இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள், ரகசியத்தைப் பற்றிய புகாரிலேயே ரகசியம் முழுவதும் எழுத்தில் பதிவாகிவிடுகிறது. இப்படி எழுதினால் போதும்: "மூன்றாவது அமர்வில் நான் சொந்த விஷயங்கள் சில பேசினேன். அதற்குப் பிறகு நடந்த மூவர் கூட்டத்தில் என்னைப் பற்றி என்ன பகிர்ந்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்த அமர்வின் குறிப்போ ரெக்கார்டிங்கோ இருந்தால் எங்கே இருக்கிறது, யார் பார்க்கமுடியும் என்றும் சொல்லவும். இனி என் சம்மதம் இல்லாமல் எதையும் பகிரவேண்டாம்." அவ்வளவுதான். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே உங்களுக்குப் பாதி புரிந்துவிடும். "ஆமாம், பொதுவாக ஒரு வார்த்தை சொன்னேன், சொல்லியிருக்கக்கூடாது" என்று ஒப்புக்கொள்பவரோடு மேலே வேலை செய்யமுடியும். மழுப்பினால் வேறு கோச் கேளுங்கள், காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் கூட இல்லை.

மேனேஜரிடம் பேசும்போது கோச் பெயரையே எடுக்காதீர்கள். "ரிவ்யூவில் என் வீட்டுச் சூழ்நிலை என்று சொன்னீர்கள். என் வேலையில் குறை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சரி செய்கிறேன். வேலையில் குறை இல்லை என்றால் அடுத்த அக்கவுன்டுக்கு என்னைப் பரிசீலிக்கவேண்டும்" என்று நேருக்கு நேர் சொல்லுங்கள். சொன்ன அன்றே, பேசியதை இரண்டு வரியில் மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள். ஒரு ஆண் டீம் லீடின் வீட்டில் பிரச்சனை என்றால் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பாரா? இதை நீங்கள் அவரிடம் கேட்கவேண்டாம், உங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது குரல் உடையாமல் இருக்க அது உதவும். நல்ல எண்ணத்தோடு செய்திருந்தாலும், உங்களைக் கேட்காமல் உங்களுக்கு எவ்வளவு தாங்கும் என்று இன்னொருவர் முடிவு செய்தது சரியில்லை.

எச்ஆரிடம் இப்போது போகவேண்டியதில்லை. கோச்சின் பதில் வரட்டும்.

மீதி நான்கு அமர்வுகள்

போங்கள் என்றுதான் சொல்வேன், அவர் நேர்மையாகப் பதில் சொன்னால். பாதியில் நிறுத்தினால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். தவிர, அந்தப் பயிற்சி உங்களுக்கு உரிமையாகக் கிடைத்தது, பத்து வருடத்துக்கு மேல் உழைத்து வாங்கியது. மீட்டிங்கில் எப்படிப் பேச்சை எடுப்பது, ஒரு முடிவுக்கு மறுப்புச் சொல்வது எப்படி, சம்பளம் பேசுவது எப்படி, இதற்கெல்லாம் அவரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டு விஷயத்தை அவர் மறுபடி எடுத்தால், "அதற்குத் தனியாக ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இங்கே வேலையைப் பற்றி மட்டும் பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள். சொந்த விஷயத்தைத் தொட்டே ஆகவேண்டிய இடம் வந்தால், "வீட்டில் எனக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது, அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் மீட்டிங் வைக்கமுடியாது" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். விஷயத்தின் விளைவைச் சொன்னால் போதும், விஷயத்தைச் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் நிறுவனத்தில் ஈஏபி, அதாவது ஊழியர் உதவித் திட்டம், என்ற பெயரில் கவுன்சிலிங் போன் நம்பர் இருக்கும், கோச்சும் அதுவும் ஒன்று என்று கலந்துகொள்ளாதீர்கள். அங்கே பேசுபவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், ரகசியம் காப்பதும் அங்கே கடுமையாக இருக்கும். ஆனாலும் முதல் அழைப்பில் கேட்டுவிடுங்கள்: என் பெயர் நிறுவனத்துக்குப் போகுமா, எந்தச் சூழ்நிலையில் போகும், சின்ன டீம்களுக்கு எண்ணிக்கையை எப்படிக் கொடுக்கிறீர்கள்? பொதுவாக மூன்று, ஐந்து, ஆறு என்று குறைந்த அமர்வுகள்தான் தருவார்கள். உங்கள் பிரச்சனை அதற்குள் அடங்காது என்பது என் கணிப்பு. சொந்தச் செலவில், சொந்தப் போனிலிருந்து அப்பாயின்ட்மென்ட் வாங்கி, வெளியே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பாருங்கள். கம்பெனி இன்ஷூரன்ஸ் செயலி வழியாக பில் போட்டால் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருப்பதால், இப்போதைக்குக் கன்சல்டேஷன் கட்டணத்தை அதில் கிளெய்ம் செய்யாமல் விடுங்கள். செலவு கையைக் கடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவும் இருக்கிறது. அங்கே போக வெட்கப்படவேண்டாம், நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கிடையில் வீடு

நீளமான கடிதம் உங்களுடையது. அதில் கோச்சைப் பற்றி ஐந்து பக்கம் இருந்தது, உங்கள் கணவர் உங்களைத் தள்ளிய ராத்திரிக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று வாரமாக உங்கள் பயம் முழுவதும் ஆபீஸ் பக்கம் திரும்பிவிட்டது. அந்த மூன்றாவது அமர்வில் நீங்கள் அழுததற்கான காரணம் இன்னும் வீட்டில் அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி யாரும் ஒன்றும் செய்யவில்லை.

"வீட்டை விட்டுப் போனால் உரிமை எல்லாம் போய்விடும் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சில வாரம் மகளோடு அம்மா வீட்டில் போய் இருப்பதால் மட்டும் அப்படி ஒன்றும் போய்விடாது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது, வீடு யார் பெயரில் இருந்தாலும். தள்ளுவதும் அடிப்பதும் மட்டுமில்லை, தொடர்ந்து திட்டிக் கேவலப்படுத்துவதும் பணத்தைப் பிடுங்கிக்கொள்வதும்கூட அந்தச் சட்டத்தின்படி வன்முறைதான். 181 மகளிர் உதவி எண்ணில் கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி காட்டுவார்கள். கூப்பிட்ட உடனே வழக்கு என்று ஆகிவிடாது, என்ன வழிகள் இருக்கின்றன என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். மறுபடி கை ஓங்கினால் யோசிக்கவேண்டாம், அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். உங்களுடைய ஆதார், மகளின் பிறப்புச் சான்றிதழ், நகை, கொஞ்சம் பணம், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தோழியின் வீட்டில் இப்போதே வைத்துவிடுங்கள்.

குடி ஒரு நோய் என்பதால் அவருக்கு சிகிச்சை உண்டு, அவர் சம்மதித்தால். அவர் சம்மதிக்கும்வரை நீங்கள் உங்களுக்கான உதவியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே அல்-அனான் என்று குழுக்கள் இருக்கின்றன, தமிழில் நடக்கும் கூட்டங்களும் உண்டு, பணம் கட்டவேண்டாம். அங்கே யாரும் உங்கள் முழுப்பெயரைக்கூடக் கேட்கமாட்டார்கள். குறுக்கே பேசாமல் கேட்கும் ஒருவர் பல வருடத்துக்கு அப்புறம் கிடைத்தார் என்றீர்களே, அப்படிக் கேட்பவர்கள் ஒரு அறை நிறைய அங்கே இருப்பார்கள். அவர்கள் யாருக்கும் அறிக்கை எழுதுவதில்லை.

முதலில் டாக்டருக்குப் போன். கோச்சுக்கு மெயில் அடுத்த வாரம் போனால் போதும், இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு எழுதுங்கள். அவர் என்ன பதில் போட்டார் என்று எனக்கும் ஒரு வரி அனுப்புங்கள். மதுரைக்குப் போவதைப் பற்றி நாம் இன்னும் விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது.